எறும்பு மொய்த்த செயின்

போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியின் மேசை மேல் கிடந்த பிளாஸ்டிக் பையில் தடயம் இருந்தது. அதை முதலில் துப்பறிந்தவை எறும்புகள். சர்வேயரம்மா வந்து சேர்வதற்குள் அவை மேசைக்கால் வழியே வரிசை கட்டி ஏறி, பையின் கிழிந்த மூலைக்குள் புகுந்து, குடித்தனமே தொடங்கியிருந்தன.

பைக்குள் அறுந்த செயின் ஒன்று சுருண்டு கிடந்தது. சர்வேயரம்மா குனிந்து மோந்து பார்த்தார். மோந்த வேகத்திலேயே நிமிர்ந்தார். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய வண்டிகளை அளந்தவர் அவர். மேனேஜரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்த பிறகு துப்பறிவதே பிழைப்பாகிவிட்டது. கிரீஸ், கரி, ரத்தம் எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் பழகவில்லை. அவர் கைப்பையில் மூன்று கைக்குட்டைகளும் ஒரு சோப்புப் பெட்டியும் எப்போதும் இருக்கும்.

"எடுத்துப் பார்க்கலாமா?"

"தாராளமா. கையுறை வேணுமாம்மா?" என்றார் அதிகாரி.

"அண்ணிக்கு ரெண்டு ஜோடி குடுங்க சார். ஒண்ணு கைக்கு, இன்னொண்ணு அந்தக் கையுறைக்கு" என்றான் ஒட்டடை.

ஒட்டடை என்பது அவர் கணவரின் தம்பிக்கு வீட்டில் வைத்த பெயர். ஆறடி இரண்டங்குல உயரம், எங்கு நின்றாலும் தலை கூரையைத் தொடும். எந்த வேலையிலும் மூன்று மாதம் நிலைக்காத அவன் அண்ணியிடம் மட்டும் நான்கு வருடம் நிலைத்திருக்கிறான். வேறு யாரும் அவன் வாயைத் தாங்கவில்லை.

விஷயம் இதுதான். லாக்கப்பில் ஒரு பட்டறைக்காரர் உட்கார்ந்திருந்தார். சைக்கிளுக்குச் சின்ன பெட்ரோல் எஞ்சின் பொருத்திக் கொடுப்பது அவர் தொழில். ரொட்டிக் கம்பெனி ஒன்றில் வீடு வீடாக ரொட்டி போடும் தன் தங்கை கணவனுக்கு அப்படி ஒரு வண்டி செய்து கொடுத்திருந்தார். நான்கு நாள் முன்பு காலையில், ஒரு இறக்கத்தில், அந்த வண்டி கவிழ்ந்தது. தங்கை கணவனுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. எஞ்சின் செயின் அறுந்துதான் விழுந்தேன் என்று அவனே வாக்குமூலம் கொடுத்துவிட்டான். மட்டமான செயினைப் போட்டு மனித உயிரோடு விளையாடினார் என்று பட்டறைக்காரர் மேல் வழக்கு. இன்று நான்கு மணிக்குக் கோர்ட். ரிமாண்ட் ஆனால் பட்டறைக்கு சீல். வழக்கு நின்றால் இரண்டு வருடம் உள்ளே.

சர்வேயரம்மாவைத் தேடி வந்தவள் அந்தத் தங்கை. புருஷன் ஆஸ்பத்திரியில், அண்ணன் நேற்று மாலையிலிருந்து லாக்கப்பில். நான்கு நாளாக வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும், இப்போது ஸ்டேஷனுக்கும் நடந்து நடந்து அவள் செருப்பின் வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்தது.

கம்பிக்குப் பின்னாலிருந்து பட்டறைக்காரர் எழுந்து வந்தார்.

"அம்மா, நான் போட்டது இது இல்ல. நான் போட்டது கனச் செயின், எஞ்சினுக்குன்னே வர்றது. நாலு கடை ஏறி இறங்கி எடுத்தேன். இது மிதிக்கிற சைக்கிளுக்குப் போடறது."

"பார்க்க ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?"

"அங்கதாம்மா எல்லாரும் ஏமாறுவாங்க. செயின் வாங்க வர்றவன் ஒரே ஒரு அளவுதான் கேப்பான். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் எவ்ளோ தூரம்னு. மிதிக்கிற செயினும் அரை அங்குலம், எஞ்சின் செயினும் அரை அங்குலம். பட்டைக்கு நடுவுல சந்து எவ்ளோ அகலம்னு எவனும் கேக்க மாட்டான். அதுலதான் விஷயமே இருக்கு. என் தங்கச்சி புருஷன் ஏறி உக்கார்ற வண்டிக்கு நான் கண்ண மூடிக்கிட்டா போடுவேன்?"

வண்டி ஸ்டேஷனின் பின்முற்றத்தில் சுவரோடு சாய்ந்து கிடந்தது. வலப்பக்கம் மிதிக்கிற செயின், அது முழுசாக இருந்தது. இடப்பக்கம் எஞ்சின் செயின் ஓடவேண்டிய இடம் காலியாக இருந்தது. சர்வேயரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு, எறும்புகளை உதறிவிட்டு, அறுந்த செயினைப் பின்சக்கரத்தின் இடப்பக்கப் பல்சக்கரத்தின் மேல் வைத்தார். பல் தடிமன், செயினின் சந்து ஒல்லி. ஒரு பல் விட்டு ஒரு பல் முட்டிக்கொண்டு, செயின் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றது.

"குழந்தை நாற்காலியில மாமனார் உக்காந்த மாதிரி இருக்கு" என்றான் ஒட்டடை.

அதிகாரி சிரிக்கவில்லை. "அதத்தானேம்மா நானும் சொல்றேன்? பொருந்தாத செயினப் போட்டான், அறுந்துச்சு. நீங்க என் கேஸத்தான் கெட்டிப்படுத்தறீங்க."

"பொருந்தாத செயின் பத்தடி ஓடாது சார். உங்க சாட்சி பதினஞ்சு நாள் ஓட்டினேன்னு வாக்குமூலம் குடுத்திருக்கார். இது இந்த வண்டில ஒரு நிமிஷம் கூட ஓடினதில்ல. ஓடாத செயின் எப்படி அறுந்து போகும்?"

அதிகாரி பல்சக்கரத்தை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். மீசையைத் தடவினார். "அப்ப இது எங்கேருந்து வந்துச்சு? நாலு மணிக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா என் காகிதம் போற வழியில போகும்."

"வண்டிய இங்க கொண்டாந்தது யாரு?"

"ரொட்டிக் கம்பெனி முதலாளி. தங்கமான மனுஷன். அடிபட்டவனத் தன் வேன்லயே ஆஸ்பத்திரில சேர்த்துட்டு, வண்டியையும் செயினையும் பொறுப்பா ஒப்படைச்சாரு."

"ரொம்பப் பொறுப்புதான்" என்றார் சர்வேயரம்மா. முற்றத்துக் குழாயில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

தங்கை புருஷனுக்கு மதியச் சாப்பாடு கொடுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். சர்வேயரம்மா தெருவில் இறங்கியதும் கேட்டார்: "எறும்பு மெஷின் ஆயில் குடிக்குமா?"

"நம்ம வீட்டு எறும்பு உங்க காபியவே குடிக்காது அண்ணி."

"குடிக்காது. பசையா இருந்துச்சு, சிக்கு வாடை அடிச்சுது. அது சமையல் எண்ணெய். பட்டைக்கு நடுவுல வெள்ளையாக் காஞ்சு கிடந்தது மாவு. எந்த ஊர்லயாவது செயினுக்குச் சமையல் எண்ணெய் விடுவானா?"

"விடுவான். அந்தச் செயின் ஓடற இடத்துல திங்கற பண்டம் இருந்தா." சொல்லிவிட்டு அவனே நின்றான். "அடப்பாவி. தங்கமான மனுஷனா?"

ரொட்டிக் கம்பெனியின் முன்பக்கத்தில் கண்ணாடி, வெள்ளை ஓடு, வெண்ணெய் மணம். தெருவில் போகிறவர்கள் ஒரு நொடி நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போனார்கள். முதலாளி இல்லை. தன் தொழிலாளிக்கு நியாயம் கிடைக்கிறதா என்று பார்க்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, இப்போதே கோர்ட்டுக்குப் போய்விட்டாராம்.

"முந்நூறு பேர் தங்கற ஹாஸ்டல். தினம் காலைல ரொட்டி வேணும். எங்க வார்டன் சுத்திப் பார்க்கணுமாம்" என்று கல்லாவில் அடித்துவிட்ட ஒட்டடை, அண்ணியின் காதில் சொன்னான்: "மூஞ்சிய மட்டும் இப்படியே வெச்சுக்குங்க. நடிக்கவே வேணாம்."

உள்ளே போனதும் சர்வேயரம்மா புடவைக் கரையைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டார். மாவு பிசையும் மேசையின் ஓரங்களில் பழைய மாவு கறுத்து, ஈறு மாதிரி கெட்டித்திருந்தது. மைதா மூட்டை மேல் ஒரு பூனை தன் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. தட்டுகளின் மூலையிலிருந்து கரப்பான் மீசைகள் ஆடின. அடுப்பு மாஸ்டர் நெற்றி வியர்வையை விரலால் வழித்து உதறினார். உதறியது எங்கே விழுந்தது என்று சர்வேயரம்மா பார்க்க விரும்பவில்லை. பார்த்துவிட்டார்.

"இதத்தான் நான் தினம் டீல முக்கிச் சாப்பிடறேன்" என்றான் ஒட்டடை, சுரத்தே இல்லாமல்.

அவர் கண் வேறொன்றில் நின்றது. வெந்த ரொட்டிகளை வெட்டும் மெஷினுக்குக் கொண்டுபோகும் சின்ன பெல்ட் ஒன்று மூலையில் ஊர்ந்தது. சட்டம் பிசுக்கு, உருளை பிசுக்கு, மோட்டார் பிசுக்கு. அதைச் சுற்றுகிற செயின் மட்டும் கடையிலிருந்து இறங்கிய பளபளப்போடு இருந்தது.

"இது புதுசா மாஸ்டர்?"

"நாலு நாளாச்சும்மா. பழசு நல்லாத்தான் ஓடிச்சு. முதலாளிதான் அன்னிக்கு வந்து தானே கழட்டினாரு, சுத்தியலால ஒரு போடு போட்டு அறுத்தாரு. 'தேஞ்சு போச்சு'ன்னாரு. சாயங்காலம் வரைக்கும் மெஷின் நின்னு, கையால வெட்டினோம்."

"இதுக்கு என்ன எண்ணெய் விடுவீங்க?"

"மெஷின் ஆயில் பட்டா ரொட்டி நாறுமே. பொரிச்ச எண்ணெயில அடிமண்டி மிஞ்சும், அதை ஊத்துவோம்."

முந்நூறு பேர் ஹாஸ்டலின் வார்டன் முகத்தில் ஒரு கைக்குட்டை ஏறியது.

பின்வாசலில் கம்பெனி வேன் நின்றது. ஒட்டடை அதைச் சுற்றி வந்தான். "அண்ணி, இந்த வேன் பொறந்ததுலேருந்து குளிச்சதில்ல. ஆனா ஒரு கன்னம் மட்டும் மூஞ்சி கழுவியிருக்கு." முன்பக்க இடது மூலை மட்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. துடைத்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம்.

"வேன யாரு ஓட்டறது?" என்று சர்வேயரம்மா கேட்டார்.

மாஸ்டர் தயங்கினார். "டிரைவர் நின்னு மாசமாச்சு. முதலாளிதான்... அவர் லைசென்ஸப் புடுங்கிட்டாங்க, போன வருஷம் ஒரு கிழவிய இடிச்சதுக்கு. அதனால வெளிய சொல்றதில்ல."

ஆக, செயின் அறுந்து யாரும் விழவில்லை. வேன் இடித்துத்தான் தங்கை கணவன் விழுந்தான். கனச் செயினைச் சுத்தியலால் அறுக்க முடியாது, மட்டமானது என்றும் சொல்ல முடியாது. அறுந்த செயின் வேண்டும் என்பதற்காக வண்டியிலிருந்த நல்ல செயினைக் கழற்றிவிட்டு, ரொட்டி மெஷின் செயினை அறுத்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த நல்ல செயின் எங்கே?

"அன்னிக்கு உங்க முதலாளி வழக்கமாச் செய்யாத வேலை எதாச்சும் செஞ்சாரா மாஸ்டர்? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்கவே வேணாம். ஜென்மத்துல விளக்குமாறத் தொடாதவரு, அன்னிக்குக் கழிவு வாளியத் தூக்கிட்டுப் போய்த் தானே கொட்டினாரு. நாங்க அசந்துட்டோம்."

பின்சுவரோரம் இடுப்புயர டிரம் ஒன்று இருந்தது. புளித்த மாவு, ஊசிய ரொட்டி, முட்டை ஓடு, அடுப்படிக் கழுவல் எல்லாம் அதற்குள்தான். பன்றிப் பண்ணைக்காரர் வாரம் ஒரு முறை வந்து எடுத்துப் போவார். நாளைக்கு அவர் முறை. மேல் ஆடை பச்சையாகப் பூத்து, நடுவில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. குமிழி உடையும்போதெல்லாம் ஈக்கள் எழுந்து மறுபடி உட்கார்ந்தன.

"பூட்டு போட்டா திருடன் வருவான். இதுக்குக் கடவுளே வர மாட்டார்" என்றான் ஒட்டடை. "அண்ணி, நான் போன்ல படம் புடிக்கிறேன். கைய விடற பாக்கியம் உங்களுக்கே."

"உனக்குத்தானே கை நீளம்?"

"நீளம்தான். மனசு குட்டை."

சர்வேயரம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். ஒரு கைக்குட்டையை மூக்கில் கட்டினார். தோள் வரை கையை விட்டார். உள்ளே வெதுவெதுப்பாக, உயிருள்ளது போல இருந்தது. ஏதோ வழுக்கிக்கொண்டு விரலிடையே நழுவியது. கண்ணை மூடிக்கொண்டு அடியைத் துழாவினார். தகரம், ஓடு, தகரம். பிறகு இரும்பு.

மாவு ஒழுக ஒழுக மேலே வந்தது கனமான செயின். எங்கும் அறுபடவில்லை. ஒரே ஒரு இணைப்பு மட்டும் கழற்றப்பட்டிருந்தது. பட்டைக்கு நடுவே அகலமான சந்து. ஒட்டடையின் போன் அத்தனையும் பார்த்தது. அதன் பிறகு ஒட்டடை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு வாந்தி எடுத்தான்.

மாஸ்டரின் முகம் வெளுத்திருந்தது. "நீங்க ஹாஸ்டல் இல்லியா?"

"இல்ல. பயப்படாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அத்தனை மெஷின் இருக்கறப்ப உங்க முதலாளி ஏன் இந்த பெல்ட் செயினக் கழட்டினார்?"

"அரை அங்குலச் செயின் எதுல இருக்குன்னு என்னக் கேட்டாரும்மா. நான்தான் காட்டினேன். போன காதுல வெச்சுக்கிட்டே கேட்டாரு."

"அவருக்குச் செயின் அளவெல்லாம் தெரியுமா?"

"அவருக்கா? மாவு அளவே தெரியாது. போன்ல இருந்தவன்தான் சொல்லிக் குடுத்தான். 'கட்டுப் போட்டாச்சா மாப்ளே? வலி இருக்கா? சரி, அரை அங்குலம்தானே, நிச்சயமா?'ன்னு இவர் கேட்டாரு. கடைசில, 'கிளைக் கடை உனக்குத்தான், படுத்துத் தூங்கு'ன்னாரு."

சர்வேயரம்மாவின் கையிலிருந்து மாவு தரையில் சொட்டியது. ஒட்டடை வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். அதிகாரிக்குப் போன் போட்டான்.

அதிகாரி ஜீப்பில் வந்தார். டிரம்மைப் பார்த்தார், மூக்கைப் பொத்தினார், செயினைப் பையில் போட்டார். "முதலாளியக் கோர்ட் வாசல்லயே அள்ளிடறேன். ஆனா ஒரு முடிச்சு இருக்கும்மா. அடிபட்டவனோட வாக்குமூலம் காகிதத்துல இருக்கு. அவன் மாத்திச் சொன்னாத்தான் பட்டறைக்காரன இன்னிக்கே விட முடியும். இல்லேன்னா கோர்ட் அதத்தான் படிக்கும். மணி ரெண்டேமுக்கால்."

ஆஸ்பத்திரியில் அவன் கட்டில் ஜன்னலோரம். வலது கை முழுக்க மாவுக்கட்டு, இடது கையில் குளுக்கோஸ் ஊசி. தங்கை கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, கிண்ணத்துப் பாலில் ரொட்டியை நனைத்து அவன் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி தினமும் அனுப்பும் ரொட்டி. சர்வேயரம்மா அந்த ரொட்டியைப் பார்க்காமல், அவன் முகத்தை மட்டும் பார்த்துப் பேசினார்.

"செயின் கிடைச்சிடுச்சு தம்பி. முழுசா இருக்கு."

அவன் மெல்வதை நிறுத்தவில்லை. "எந்தச் செயின்? அதான் அறுந்து போச்சே."

"அறுந்தது ரொட்டி மெஷினுது. அது உங்க வண்டிப் பல்லுல உக்காரவே மாட்டேங்குது. அளவு சரியாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சரியாத்தானே சொன்னேன்! ரெண்டும் அரை அங்குலம்தானே?"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. தங்கையின் கையில் நனைந்த ரொட்டித் துண்டு பாதி வழியில் நின்றது. அதிலிருந்து பால் அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"யாருகிட்டச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"நீ சும்மா இரு. ஊட்டு."

"யாருகிட்டச் சொன்னீங்க?"

அவன் உதட்டை நக்கிக்கொண்டான். பிறகு, ஒளிக்க எதுவும் இல்லாதவன் போல, ஏறக்குறைய நட்பாகவே பேச ஆரம்பித்தான். "இங்க பாரு. அவர் வேணும்னா இடிச்சாரு? வேன் திரும்பறப்ப பட்டுடுச்சு. கேஸு ஆனா அவரு உள்ள போயிடுவாரு, கம்பெனி போயிடும், எனக்கு என்ன மிஞ்சும்? இப்பக் கிளைக் கடையே தர்றேங்கறாரு. வெயில்ல அலைய வேணாம். உங்கண்ணனுக்கு என்ன, பொண்டாட்டியா, பிள்ளையா? ஒண்டிக்கட்டை. உள்ள போனாலும் மூணு வேளை சோறு. நமக்கு ரெண்டு பசங்க இருக்காங்கல்ல?"

"முழங்கால் வலிக்குதுன்னு நீங்க சொன்னீங்கன்னுதான் அண்ணன் அந்த வண்டியச் செஞ்சுது."

"யாரு இல்லேன்னா? நல்ல வண்டி. இடிக்கலேன்னா இன்னும் ஓடியிருக்கும்."

பக்கத்துக் கட்டில் நோயாளி மறுபுறம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சர்வேயரம்மாவுக்குக் கழிவு டிரம்மின் வாடை இன்னும் தோள் வரை இருந்தது. அதைக் கழுவச் சோப்பு இருந்தது.

தங்கை ரொட்டித் துண்டைக் கிண்ணத்திலேயே போட்டாள். கையைப் புடவையில் துடைத்தாள். "அக்கா, அதிகாரிக்குப் போன் போடுங்க."

"என்னடி பண்றே?"

"நீங்க பேசுங்க, நடந்தத அப்படியே. நீங்க பேசலேன்னா நான் பேசறேன். இப்பக் காதால கேட்டத, இந்த வார்டுல எல்லாரும் கேட்டத. அப்புறம் பொய் வாக்குமூலம்னு உங்களுக்குத் தனியாக் கேஸு. எது வேணும்?"

அவன் சர்வேயரம்மாவைப் பார்த்தான், ஒட்டடையைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவனுக்குக் கெஞ்ச வசதியாக இருந்திருக்கும். அவள் அவனை, தட்டின் மூலையில் கண்ட பூச்சியைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு இரண்டு கையும் உதவாது. போனை அவள்தான் அவன் காதில் பிடித்தாள். அவன் முதலில் முனகினான். அதிகாரியின் குரல் உயர்ந்ததும் தெளிவாகவே சொன்னான்: வேன், இறக்கம், செயின், அளவு, கிளைக் கடை. ஒட்டடை எல்லாவற்றையும் பதிவு செய்தான். மூன்று மணி பத்து நிமிடத்துக்கு அதிகாரி சொன்னார்: "போதும். கான்ஸ்டபிள அனுப்பறேன், கையெழுத்துக்குப் பதிலாக் கால் பெருவிரல் ரேகை எடுத்துக்கலாம். பட்டறைக்காரர யாராச்சும் வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

தங்கை போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பை இழுத்து மாட்டினாள்.

அவன் தலையணையில் சாய்ந்தான். பெரிய வேலை ஒன்று முடிந்த களைப்பு அவன் முகத்தில் தெரிந்தது. "சரி, சொல்லிட்டேன். இப்பத் திருப்தியா?" என்றான். பிறகு கிண்ணத்தைக் கண்ணால் காட்டினான். "பால் ஆறுது. அந்த ரெண்டு துண்டையும் குடுத்துட்டுப் போ."

அவள் வார்டின் வாசலைத் தாண்டிவிட்டாள். ஊக்கு குத்திய செருப்பு வராந்தாவில் ஸ்டேஷன் இருக்கும் திக்கில் வேகமாகத் தேய்ந்து போகும் சத்தம் கேட்டது.

அவன் வாயைத் திறந்தபடியே காத்திருந்தான்.